எலியில் வென்ற மருந்து: விலங்காய்வுச் செய்தியை எடைபோடும் முறை

நரம்புச் சிதைவு நோய்க்கான மருந்து ஒன்று சுண்டெலிகளில் பலனளித்தது என்ற செய்தியைப் படித்தால், எவ்வளவு குணம் தெரிந்தது என்று பார்ப்பதற்கு முன், அந்த எலிக்கு நோய் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைத் தேடுங்கள். அல்சைமர் ஆய்வில் பெரிதும் பயன்படும் எலிகளுக்கு, அரிதான பரம்பரை அல்சைமரை உண்டாக்கும் மனித மரபணுக்களைப் புகுத்தியிருப்பார்கள். அவற்றின் மூளையில் நோயாளிகளிடம் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படியும், ஆனால் நோயாளிகளிடம் காண்பதுபோல் நரம்பணுக்கள் பெருமளவில் மடிவதில்லை. 1999இல் இத்தகைய எலிகளில் அமிலாய்டு படியாமல் தடுத்த ஒரு தடுப்பூசி, மனிதர்களுக்குப் போடப்பட்டபோது ஏறத்தாழ 6 சதவீதத்தினருக்கு மூளை அழற்சி ஏற்பட்டதால், 2002இல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது.

அடுத்து, ஆய்வு நடந்த விதத்தைப் பாருங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் ஏ.எல்.எஸ். நோயை ஆராய, எஸ்ஓடி1 என்ற மனித மரபணுவின் பிழையுள்ள வடிவத்தைப் புகுத்திய எலியை வாலைப் பிடித்துத் தூக்கினால், நலமாக உள்ளவரை பின்னங்கால்களை அகல விரிக்கும்; நோய் தொடங்கியதும் அவை நடுங்கி, உள்ளே ஒடுங்கும். மருந்து பெற்ற எலி எது என்று அறிந்தவரே இதைக் கவனித்துக் குறித்தால், அவருடைய விருப்பம் கணக்கில் கலந்துவிடும். பெண் எலிகள் ஆண் எலிகளைவிடச் சற்று நீண்ட நாள் வாழும். புகுத்திய மரபணுவின் பிரதிகள் குறைந்துபோனவையும் அப்படியே. ஆகவே ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு எலிகள் மட்டுமே இருந்து, மருந்து பெற்ற குழுவில் இத்தகையவை தற்செயலாகக் கூடிவிட்டால், பயனற்ற மருந்தும் ஆயுளை நீட்டியதாகத் தோன்றும். இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தி 70க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், ஒன்றுகூட எலிகளின் ஆயுளை நீட்டவில்லை. எலிகளில் நன்மை செய்ததாகச் சொல்லப்பட்ட மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நம்பி 412 ஏ.எல்.எஸ். நோயாளிகள் ஒரு பரிசோதனையில் சேர்ந்தார்கள். 2007இல் முடிவு வந்தபோது, அதைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவாக நலிந்திருந்தார்கள். அந்த நோயாளிகளை நினைத்தால், இந்தக் கண்டிப்பு மிகையென்று எனக்குத் தோன்றவில்லை.

மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். அறிகுறி தோன்றுமுன் எலிக்குக் கொடுத்துக் கிடைத்த பலனை, அறிகுறி வந்தபின் மருத்துவரிடம் வரும் மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது.

கடைசியாக, மருந்து எதைச் சாதித்ததாகச் சொல்கிறார்கள் என்று பிரித்தறியுங்கள். எம்பிடிபி என்ற நச்சுப்பொருளைக் கொடுத்துப் பார்க்கின்சன் உண்டாக்கிய குரங்குகளில், மூளையின் ஆழத்தில் உடலசைவைக் கட்டுப்படுத்த உதவும் துணைத்தாலமிக் கரு என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் உடலசைவு சீராகும் என்று 1990இல் காட்டப்பட்டது; அதே பகுதியில் மின்முனை பொருத்தும் சிகிச்சை இன்று நோயாளிகளின் நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கிறது. ஆனால் அது அறிகுறிகளைத் தணிக்கிறதே தவிர, நரம்பணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. விலங்காய்வு பெரும்பாலும் பொய்த்துப்போனது, அழிவை நிறுத்துவோம் என்ற இந்த இரண்டாவது வாக்குறுதியில்தான்.