"சரி அண்ணாச்சி, நாளைக்குத் தாரேன்"

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையோரப் பம்புசெட்டு அறைகள் முங்கின. வெள்ளம் வடிந்த வாரம் என் கடை வாசலில் 43 மோட்டார் கிடந்தது. காயவைத்தாலே போதும் என்பதும் இருந்தது, அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டு எரித்துக் கொண்டுவந்ததும் இருந்தது. எல்லாரிடமும் நான் சொன்னது ஒரே பதில்தான்: "சரி அண்ணாச்சி, நாளைக்குத் தாரேன்." பதினைந்து நாள் நடந்து களைத்த ஒரு பெரியவர், "முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேற கடைக்குக் கொண்டு போயிருப்பம்லா" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதன் பிறகு இந்தப் பொய் வாக்குப் பழக்கத்தை விட நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், செய்முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். "நான் சோம்பேறி", "எனக்குத் தைரியம் இல்லை" என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது. "மோட்டார் ஓடல" என்று வருகிறவர் சொல்வது பழுதின் பெயர் இல்லையே. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய் மீதி இரண்டில் ஓடி எரிந்ததா, பேரிங் பிடித்ததா, ஸ்டார்ட்டர் கோளாறா என்று பார்த்த பிறகுதானே கை வைக்கிறோம்? அதே மாதிரி நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எதிரில் யார், நான் என்ன சொன்னேன், பிறகு என்ன ஆனது. பத்து நாள் போதும்.

என் நோட்டில் 14 பொய் வாக்கு விழுந்திருந்தது. அதில் 11 காலை எட்டு மணிக்கு முன்னால், போனில். கடையில் என்ன வேலை கிடக்கிறது என்று பார்க்காமலே, பல் விளக்கிக்கொண்டே சொன்னது. என் குணம் முழுக்கக் கெட்டுப்போய்விடவில்லை, ஓட்டை ஓர் இடத்தில்தான் என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. இப்போது எட்டு மணி வரை போன் வீட்டுக்காரி கையில். "கடைக்கு வந்து கேளுங்க" என்பாள், அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் கொள்ளளவு. இதைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இருபது வருசமாகப் பீடி சுற்றுகிறாள். "ஆயிரம் சுத்த முடியும்னா ஆயிரத்துக்குத்தான் இலையும் தூளும் வாங்குவேன். நீங்க எத்தனைன்னு தெரியாமலே வாங்குதியளே?" என்றாள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய காயிலை அறுத்தெடுத்து, கம்பி இறங்கும் பள்ளமான ஸ்லாட்டில் பேப்பர் வைத்து, புதுக் கம்பி சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கரண்டு கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்துக் கொடுக்க, நானும் என் தம்பியும் சேர்ந்து வாரத்துக்கு ஆறுதான். ஒரு கரும்பலகை வாங்கி ஆறு கோடு போட்டு வாசலில் மாட்டினேன். ஆறும் நிரம்பினால் அடுத்த வாரத் தேதிதான். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது, பலகைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

சொல்ல வேண்டிய வார்த்தையையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என்னுடையது இது: "புதன்கிழமை சாயங்காலம் தாரேன். அவசரம்னா ஆலங்குளத்துல ஒரு கடை இருக்கு, நானே சொல்லிவிடுதேன்." முதல் வாரம் எனக்குக் குரல் நடுங்கியது. ஆனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டே பேர்.

எல்லாக் குறையையும் வென்றே தீர வேண்டும் என்றும் இல்லை. எலக்ட்ரானிக் பேனல் போர்டு எனக்கு ஏறவில்லை, 47 வயதுக்கு மேல் அதோடு மல்லுக்கட்ட மனமும் இல்லை. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த பையன் ஒருவனிடம் அதைத் தள்ளிவிடுகிறேன். அவன் காயில் வேலையை என்னிடம் அனுப்புகிறான்.

வீட்டில் எரிந்துவிழுகிற பழக்கத்துக்கும் அதே நோட்டுதான். பார்த்தால், சண்டை எல்லாம் ராத்திரி எட்டரைக்கு, வெறும் வயிற்றோடு. ஆறு மணிக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் உள்ளே போனால் பாதிச் சண்டை கிடையாது. மீதிப் பாதிக்கு இன்னும் வழி தெரியவில்லை.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். கோடையில் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கீழே போய், வோல்டேஜும் குறைந்து மோட்டார் மோட்டாராக எரிகிற பங்குனி, சித்திரையில் புதுப்பழக்கம் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் கை ஓய்ந்திருக்கும்போது ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கணக்குக் கேட்க வேண்டும், உங்களுக்குப் பயப்படாத ஆளாக இருக்கட்டும்.

சறுக்கினால் அதையும் எழுதுங்கள். போன வருசம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், சொந்தக்காரர் ஒருவர் வந்து நின்றதும் சாக்பீஸ் எடுத்து ஏழாவது கோட்டை நானே போட்டேன். அப்புறம் எட்டாவதும். இப்போது ஆறு கோட்டையும் பெயின்ட்டில் அடித்து, அதற்குக் கீழே பலகையை ரம்பத்தால் அறுத்துவிட்டேன்.