மூன்று மணிக்குள் நின்றுவிடுங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவனை வாங்கிய முதல் வருடம், தென்னாப்பிரிக்காவில் ஏழு நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போட்டேன். மாலையில் வண்டியின் கால்களை இறக்குவது, காலையில் ஏற்றுவது, நடுவில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது ஒரு வாரத்துக்கு இரண்டே இடங்கள். முதலில் டிராக்கன்ஸ்பெர்க் மலையடியில் ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாம். பிறகு மலையைச் சுற்றி ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்துக்குள் ஏறி, கோல்டன் கேட் பூங்காவில் கிளென் ரீனன் முகாம். தெரியாத ஊருக்கு முதன்முறை போகிறவர்கள் இதையே அளவாகக் கொள்ளலாம். ஓர் இடத்தில் மூன்று இரவாவது தங்காவிட்டால் சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு, மே நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள். இங்கே கோடை என்பது டிசம்பரை ஒட்டிய மாதங்கள்; அப்போது மலையில் பிற்பகல் இடியும் ஆலங்கட்டியும் வாடிக்கை. ஆகஸ்டில் காற்றும் புல்தீயும். பள்ளி விடுமுறையில் மஹாயில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு செய்யும்போது மின்சார வசதியுள்ள இடமா என்று கேளுங்கள். முகாம்களில் நீல நிற மூன்று முனை பிளக்தான் பொருந்தும். நீளமான கேபிளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கேபிளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டு ஹீட்டரைப் போட்டால் சூடேறி உருகிவிடும்.

ஓட்டுநர் உரிமத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னால் இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் உரிமத்தில் ஈபி (EB) பிரிவு வேண்டும். டயரை மேலாகப் பார்த்து ஏமாறக் கூடாது. கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே கிழடாகிறது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறேழு வயதானதை, பார்க்கப் புதிதாக இருந்தாலும், நான் வைத்துக்கொள்வதில்லை.

சாமான் ஏற்றுவதில்தான் முக்கால்வாசி நிம்மதி இருக்கிறது. அரிசி, தண்ணீர்க் கேன், குழம்புச் சட்டி எல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. போர்வையும் துணியும் மேல் அலமாரியில். பின்பக்கம் கனத்தால் வண்டி வால் ஆட்டும். ஒருமுறை எங்கள் வண்டியே ஆடியது. பார்பிக்யூவுக்கு என்று இரண்டு மூட்டை விறகை நான்தான் பின்னால் அடைத்திருந்தேன். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கியில் இறங்கும் எடையைக் குளியலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். உங்கள் காருக்கு எவ்வளவு ஆகும் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் விடிவதற்குள் கிளம்புங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் வரும் டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகள் ஊரும், மூடுபனியும் இறங்கும். அங்கே அவசரம் காட்டுகிறவர்களுக்கு வழிவிட்டுவிடுங்கள். நான் எண்பதுக்கு மேல் போவதில்லை. எஸ்ட்கோர்ட் தாண்டி ஆர்74 சாலையில் வின்டர்டன், பெர்க்வில். பெர்க்வில்லில் பெட்ரோல், பால், மருந்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். மலைக்குள் போனபின் கைப்பேசிக்கே உயிர் இருக்காது.

என் ஒரே சட்டம், பிற்பகல் மூன்று மணிக்குமேல் வண்டி நகரக் கூடாது. மலை நிழல் சீக்கிரம் விழுந்துவிடும். இருட்டில் புதிய இடத்தில் கேரவனைப் பின்னால் எடுப்பது எப்பேர்ப்பட்ட தம்பதியையும் பிரித்துவிடும். வெளிச்சத்திலும் ஒரு தந்திரம் உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துங்கள். வழி காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் சொல்வது ஒன்றும் காதில் விழாது.

மஹாயில் முதல் நாள் எங்கும் போகாதீர்கள். ஓடைச் சத்தத்தில் தூங்குங்கள். இரண்டாம் நாள் காஸ்கேட்ஸ் அருவி வரை ஒரு சிறு நடை. மூட்டு ஒத்துழைத்தால் மூன்றாம் நாள் துகேலா பள்ளத்தாக்கு; 900 மீட்டருக்கும் மேலிருந்து விழும் தண்ணீரை அங்கிருந்து அண்ணாந்து பார்க்கலாம். ரொட்டியை மட்டும் வெளியே வைக்காதீர்கள். பபூன் குரங்குகள் மேசைமேல் உட்கார்ந்து, நம்மைப் பார்த்துக்கொண்டே தின்னும். புரட்டாசியில் போவதானால் சுகர் பீன்ஸ் என்கிற பயறுக் குழம்பும் சுட்ட சோளமும் போதும்; பக்கத்து முகாமில் கறி வாட்டும் வாசனையைத் தாங்குவதுதான் விரதம்.

பிறகு ஒலிவியர்ஸ்ஹுக் கணவாய் ஏறி, ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் அணையை ஒட்டி ஃப்ரீ ஸ்டேட். அப்பா எழுபதுகளில் ஜோகன்னஸ்பர்க் போகும்போது ஃப்ரீ ஸ்டேட்டின் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போடுவார், தங்கமாட்டார். இந்தியர்கள் அந்த மாநிலத்தில் குடியிருக்க 1891இல் போட்ட தடை 1986 வரை நீடித்தது. பின் இருக்கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு நாங்கள் உட்கார்ந்திருப்போம். அடுத்த எல்லை வரும்வரை அவர் பேசமாட்டார். அதனால் கிளென் ரீனனில் நான் நான்கு இரவு தங்குகிறேன். ஒன்று கூடுதல்தான், அது அப்பாவின் கணக்கு.

அங்கே மே மாத இரவிலேயே உறைபனி விழும். படுக்கும் முன் கேரவனின் தண்ணீர்க் குழாயை வடித்துவிட்டு, காலைக் காப்பிக்கு ஒரு செம்பு தண்ணீரை அடுப்படியில் பிடித்து வையுங்கள்.