வகுப்புத் தோழர்களின் நலச்செய்தியைப் பொறுப்பாக வைத்திருப்பது எப்படி?

ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஓய்வு பெற்று எழுபதை நெருங்கும்போது, யார் எந்த ஊரில் இருக்கிறார், யாருக்கு என்ன சிகிச்சை நடந்தது, யார் காலமானார் என்பதைச் சரியாக அறிந்து வைத்திருக்க ஒருவர் தேவைப்படுகிறார். வாட்ஸ்அப் குழுவே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே போன மாதத்து இரங்கல் செய்தி ஒன்றைத் தேடி எடுத்துப் பார்க்கலாம்.

முதல் வேலை, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டுப் போடுவது. கோவை, ஈரோடு, பொள்ளாச்சிக் கல்லூரிகளின் பழைய வருகைப் பதிவேடுகளில் பழனிசாமி, சுப்பிரமணியம், ராமசாமி என்ற பெயர்களில் ஒன்றாவது இரண்டு மூன்று முறை வராமல் இருக்காது. “நம்ம பழனிசாமி தவறிட்டாருங்க” என்று ஒரு வரி குழுவில் விழுந்தால், தாராபுரத்துப் பழனிசாமியின் வீட்டுக்கும் கோபிப் பழனிசாமியின் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் துக்கம் விசாரித்து அழைப்புகள் போகும். ஆகவே பெயரோடு தலைப்பெழுத்து, சொந்த ஊர், பார்த்த வேலை, விடுதியில் வழங்கிய பட்டப்பெயர் ஆகியவற்றையும், துணைவரின் பெயரையும், மகன் அல்லது மகளின் கைபேசி எண்ணையும் கேட்டு எழுத வேண்டும். பட்டப்பெயரை விளையாட்டாக நினைக்க வேண்டாம். முழுப்பெயரைச் சொன்னால் விழிக்கிற பலர் அதைச் சொன்னவுடன் ஆளைப் பிடித்துவிடுவார்கள். பெண் தோழிகளைத் தேடும்போது, திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்து கணவருடையதாக மாறியிருக்கும் என்பதால், அவர்களின் அண்ணன் தம்பி வழியாக விசாரிப்பதே சுருக்கு வழி. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் பி.யூ.சி. எனும் கல்லூரிப் புகுமுக வகுப்பு படித்தவர்கள் பலர் அதை ஒரு கல்லூரியிலும் பட்டப்படிப்பை வேறொரு கல்லூரியிலும் முடித்தவர்கள். அவர்களுக்கு இரண்டு வகுப்புகள் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொலைபேசி. காலை நடையும் பலகாரமும் முடிந்து மதியத் தூக்கத்துக்கு முந்தைய நேரம், அதாவது பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள், பேசுவதற்கு ஏற்றது. குழுவில் ஓயாமல் எழுதுகிறவரை விட்டுவிடலாம். திடீரென்று எழுதுவதை நிறுத்தியவரைத்தான் அழைக்க வேண்டும். உடல்நிலை பற்றி அவர் எதைச் சொன்னாலும், “இதை மற்றவர்களுக்குச் சொல்லலாமா?” என்று கேட்டபிறகே வெளியிட வேண்டும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் தந்தையின் நோய் ஊர்ப்பேச்சாவதை யாரும் விரும்புவதில்லை.

மரணச் செய்தியில் வேகத்தைவிட உறுதியே முக்கியம். செய்தி வந்தவுடன் மகனையோ மைத்துனரையோ அழைத்து உறுதி செய்ய வேண்டும். இறந்தவரின் துணைவரை அழைத்து அதைச் சொல்ல வைப்பது கொடுமை. பிறகு எழுதும் செய்தியில் முழுப்பெயர், ஊர், வயது, இறந்த நேரம், உடல் வைக்கப்பட்டுள்ள வீட்டின் முகவரி, எப்போது எடுக்கிறார்கள், கோவை ஆத்துப்பாலம் மின்மயானத்துக்கா சொந்தத் தோட்டத்துக்கா என்ற விவரம் அனைத்தும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து பேருந்தில் வருகிற முதியவர், எடுத்தபிறகு வந்து நிற்கக் கூடாதல்லவா? அன்று முழுவதும் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி குழுவின் அமைப்பை மாற்றிவிட்டால், நடுவில் நகைச்சுவைத் துணுக்கு வந்து விழாது.

கருமாதி முடிந்தபின் இரண்டு பேராக அந்த வீட்டுக்குப் போவது நல்லது. அப்போது ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ இறப்பைத் தெரிவித்தாகிவிட்டதா, இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததா, குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார்களா என்று கேட்க வேண்டும். கணவர் இறந்தபிறகும் அவர் கணக்கில் ஓய்வூதியம் விழுந்து, எடுத்துச் செலவழித்துவிட்டால், அதைப் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இருப்பவர்களுக்கு, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் வாழ்நாள் சான்றிதழை நினைவூட்டுவதும் இந்தப் பொறுப்பில் அடங்கும். மத்திய அரசின் ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் திணறுகிறவர்களுக்கு, 2021 முதல் ஜீவன் பிரமாண் எனும் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறையில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பவரும் கைபேசியிலேயே முடித்துவிடலாம்.

ஆண்டுக்கொரு சந்திப்பு வைப்பதானால் ஆடியிலோ மார்கழியிலோ வைக்க வேண்டும். மற்ற மாதங்களின் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களில் பாதிப்பேர் ஏதாவதொரு மண்டபத்தில் மொய் எழுதிக்கொண்டிருப்பார்கள். நமக்கும் மண்டபம் கிடைக்காது. தரைத்தளக் கூடம், கைப்பிடி உள்ள நாற்காலி, உட்கார்ந்து போகும் கழிப்பறை ஆகிய மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தபிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். முதியோர் ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் செலவு கூடியிருக்கிறது. இரண்டு மாதம் முன்னதாகவே தேதியைச் சொல்லிவிட்டால் கீழ்ப்படுக்கையாவது கிடைக்க வாய்ப்புண்டு. அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும் போதும். சர்க்கரை அளவுக்குப் பயந்து யாரும் தொடாத ஐந்து வகை இனிப்பு வேண்டியதில்லை. கண்புரை உள்ளவர்கள் இருட்டில் வண்டி ஓட்டாதபடி, மூன்று மணிக்கெல்லாம் காப்பி கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும்.