நீலம் ஒன்று போதும்: பிக்காசோவைப் பார்த்து மாணவர்களோடு ஒரு ஒற்றை வண்ண ஓவியம்

வண்ணப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கிற 12 நிறத்தையும் தாளில் ஏற்றிவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு மனம் ஆறும். அவர்களிடம் போய் "இன்றைக்கு நீலம் மட்டும்தான்" என்று சொன்னால் முணுமுணுப்பு எழும். எழட்டும், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 45 நிமிட வகுப்பு இரண்டு இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

முதலில் ஒரு படத்தைக் காட்டுங்கள். பிக்காசோவின் 'முதிய கிதார் கலைஞர்'. 1903 கடைசியிலிருந்து 1904 தொடக்கத்துக்குள் பார்சிலோனாவில் வரைந்தது, இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. கண் தெரியாத கிழவர் ஒருவர் உடம்பை ஒடுக்கி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிதார் வாசிக்கிறார். தோல், துணி, சுவர், தரை எல்லாமே நீலம். கிதார் மட்டும் பழுப்பு. அதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். "இதில் எது நீலமில்லை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஏன் நீலம் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். 1901 பிப்ரவரியில் பிக்காசோவின் நெருங்கிய நண்பர் கார்லஸ் காசகேமாஸ் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். பிக்காசோவுக்கு அப்போது 19 வயது. அந்த ஆண்டிலிருந்து 1904 வரை அவர் வரைந்தவற்றில் பெரும்பாலும் நீலம்தான். அதைத்தான் 'நீலக் காலம்' என்கிறார்கள். சிறு பிள்ளைகளிடம் "நண்பர் இறந்துபோனார், அந்தத் துக்கம்" என்று சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

சரி, பொருட்களுக்கு வருவோம். போஸ்டர் கலரில் பிரஷியன் ப்ளூ என்கிற கருநீலம் ஒரு பாட்டில். வெள்ளை பெரிய பாட்டிலாக வேண்டும், அதுதான் முதலில் தீரும். பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு கொஞ்சம். கார்ட்ரிஜ் என்கிற கெட்டியான ஓவியத் தாள் ஏ4 அளவில், 4ஆம் எண்ணிலும் 8ஆம் எண்ணிலும் ஒவ்வொரு பிரஷ், பழைய தட்டு, துணி, தண்ணீர். கறுப்பைப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள். பிரஷியன் ப்ளூவை அப்படியே கெட்டியாகத் தடவினாலே கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். அதைவிட இருட்டு வேண்டுமென்றால் துளிப் பழுப்பைக் கலந்தால் போதும். கறுப்பைக் கலந்தால் நீலம் செத்துப்போகும்.

படி 1: ஏணி

வகுப்பில் பாதி நேரம் இதற்குப் போனாலும் கவலை இல்லை. வரிசையாக 7 கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் தனி வெள்ளை, ஏழாவதில் தனி நீலம். நடுவில் உள்ள ஐந்தும் ஒரே சீராக அடர்ந்துகொண்டே போக வேண்டும். இந்த வரிசையைத்தான் ஏணி என்கிறேன்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். பிரஷியன் ப்ளூ பொல்லாத நிறம். ஒரு குண்டூசித் தலை அளவு போதும், ஒரு ஸ்பூன் வெள்ளை வான நீலமாகிவிடும். அதனால் எப்போதும் வெள்ளையில்தான் நீலத்தைச் சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளையை ஊற்ற ஆரம்பித்தால் பாட்டில் காலியாகுமே தவிர வெளிர் நிறம் வராது. முதல் தடவை இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு எல்லார் ஏணியிலும் ஒரு வெள்ளைக் கட்டம், ஆறு கருநீலக் கட்டம்!

காய்ந்ததும் நிறம் கொஞ்சம் மாறும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாமல், ஓரத்தில் தடவிக் காயவிட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

படி 2: கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது

பிக்காசோ படத்தை நகலெடுக்கச் சொல்ல வேண்டாம். மேசையில் ஒரு மண்பானை, பக்கத்தில் ஒரு வெங்காயம், அது போதும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து வெளிச்சம், இடைநிலை, இருட்டு என்று மூன்று பகுதிகள் மட்டும் தெரியும். அந்த மூன்றின் எல்லைகளை மட்டும் பென்சிலால் லேசாகக் குறித்தால் போதும். பென்சிலில் நிழல் தீட்டக் கூடாது.

படி 3: வண்ணம்

பின்னணியையும் சேர்த்து, இடைநிலைப் பகுதிகளைப் பெரிய பிரஷால் முதலில் நிரப்பிவிடுங்கள். வெள்ளைத் தாள் கண்ணைப் பறிக்காமல் இருந்தால்தான் எது வெளிச்சம், எது இருட்டு என்று சரியாகத் தெரியும். காய்ந்த பிறகு இருட்டு, கடைசியில் வெளிச்சம். சந்தேகம் வரும்போதெல்லாம் ஏணியைப் பானைக்குப் பக்கத்தில் பிடித்து, "இந்த இடம் எத்தனையாவது கட்டம்?" என்று கேளுங்கள். "மூணு!" "இல்லை, நாலு!" என்று சண்டை வரும். நல்ல சண்டை.

கெட்டுப்போய்விட்டது என்று யாராவது தாளைக் கசக்கப் போனால் தடுத்து, கிதார் கலைஞரின் தலைக்குப் பின்னால் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக ஒரு பெண்ணின் முகம் தெரியும். பிக்காசோ ஏற்கெனவே வேறொன்றை வரைந்திருந்த பலகையின் மேலேயேதான் இதைத் தீட்டியிருக்கிறார். போஸ்டர் கலரிலும் அப்படிச் செய்யலாம். ஆனால் கீழே உள்ளது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கெட்டியாக ஒரே இழுப்பில் பூச வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் பழைய வண்ணம் கரைந்து மேலே வந்துவிடும்.

படி 4: ஒரே ஒரு பழுப்பு

எல்லாம் முடிந்த பிறகு பழுப்பை எடுங்கள். பானையா, வெங்காயமா, எதற்குப் பூசுவது என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டுக்கும் பூச ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். அந்தப் பழுப்பிலும் வெளிச்சமும் இருட்டும் இருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் வெள்ளையும் கொஞ்சம் நீலமும் கலந்துகொள்ளலாம்.

படங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். பானை உருண்டையாகத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. தட்டையாகத் தெரிந்தால் இருட்டுப் போதவில்லை. ஏழாவது கட்டத்தைத் தொடவே பயந்திருப்பார்கள். பிரஷைக் கழுவுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் அங்கேயே திருத்திவிடலாம்.