கடலோர ஊரில் போட்டோ வாக்: கரையிலிருந்து கடைத்தெரு வரை

காலை வெயிலில் மின்னும் கரைக்கும் பக்கத்துக் கடையின் உட்புறத்துக்கும் ஒளியில் 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வரை வித்தியாசம் இருக்கலாம். அதாவது சுமார் 250 மடங்கு. கரைக்கு வைத்த செட்டிங்கோடு கடைக்குள் நுழைந்தால், கேமரா ஐ.எஸ்.ஓவை (ஒளி உணர்திறனை) உச்சிக்கு ஏற்றும். அதுவும் போதாமல் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) வேகத்தைக் குறைக்கும். படம் புள்ளிப்புள்ளியாகவும் கலங்கலாகவும் வரும். ஆகவே இந்தப் போட்டோ வாக்கை (நடந்தபடியே படமெடுப்பதை) ஒரே நடையாக நினைக்காமல் இரண்டு தனி வேலைகளாகத் திட்டமிடுங்கள்.

1. நேரம் குறிப்பது

முந்தின நாளே இரண்டு நேரங்களைப் பாருங்கள்: சூரிய உதயம், ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்). பெரும்பாலான கரைகளில் உயர் ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அதனால் போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரம் உதவாது. நீர் வற்றும் வேளைதான் படத்துக்கு நல்லது. ஈர மணலில் படகும் வானமும் பிரதிபலிக்கும்.

கரை கிழக்கு நோக்கியிருந்தால், காலையில் கடலைப் பார்த்து எடுப்பவை நிழலுருவங்களாகத்தான் வரும். அவற்றில் சில எடுத்துவிட்டு, திரும்பி நின்று ஊரைப் பாருங்கள். கடலைப் பார்த்த சுவர்கள், கதவுகள், பெயர்ப்பலகைகள் மீது பொன்னிற வெயில் நேராக விழுந்துகொண்டிருக்கும். பலரும் தவறவிடுவது இதைத்தான். மேற்குக் கரையில் இதே வாய்ப்பு மாலையில் கிடைக்கும்.

2. பையில் வைப்பது

35 மி.மீ. அளவிலான ஒரே லென்ஸ் போதும். கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. மணல் உள்ளே போனால் சென்சாரைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. காற்றூதி, மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து கிளம்பினால், கேமராவை வெளியில் மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவைத்து எடுங்கள். உடனே பையிலிருந்து எடுத்தால் லென்ஸில் பனி படியும்.

3. கரையில்

- அப்பர்ச்சர் மோட் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைப்பது), எஃப் 8
- குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 நொடி
- ஐ.எஸ்.ஓ ஆட்டோ, உச்சவரம்பு 3200

வெளிர் மணலும் நுரையும் படச்சட்டத்தை நிறைத்தால், கேமரா அதை அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றுங்கள். சூரியன் படச்சட்டத்துக்குள் வந்தால் எக்ஸ்போஷரை மறக்காமல் 0-க்கு இறக்குங்கள். அடிவானம் சாயாமலிருக்க கட்டக்கோடுகளை ஆன் செய்துவிடுங்கள். கடலில் சின்னச் சாய்வும் கண்ணை உறுத்தும்.

போலரைசர் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் கண்ணாடி) கூடுதல் ஒளியைக் குடிப்பதோடு, நீங்கள் தேடிவந்த ஈர மணல் பிரதிபலிப்பையும் அழித்துவிடக்கூடும். முதல் நடைக்கு அது வேண்டாம்.

துறைமுகத்திலும் கடற்படை, கடலோரக் காவல் இடங்களிலும் படமெடுக்கத் தடை இருக்கலாம். பலகையைப் பாருங்கள், பலகை இல்லாவிட்டால் காவலரிடம் கேளுங்கள்.

4. கடைகளில்

வாசலிலேயே செட்டிங்கை மாற்றுங்கள்: எஃப் 2.8 (எண் குறைந்தால் துளை பெரிதாகும்), ஷட்டர் 1/100. கேமராவில் சி1, சி2 (செட்டிங்கைச் சேமிக்கும் இடங்கள்) இருந்தால் கரைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று முன்பே சேமித்துவிடலாம். 1/100-க்குக் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். அதைவிட வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழக்கூடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/125. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள்.

கடையின் அடி ஆழத்தைவிட வாசலிலிருந்து இரண்டடி உள்ளே இருக்கும் இடமே சிறந்தது. தெருவெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக விழும். முகமும் கையும் அழகாகத் தெரியும். முதலில் கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வியாபாரம் நடக்கும் நேரத்தில் வழியை மறிக்காதீர்கள். குழந்தைகளை எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் தேவை.

கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பொருள் என்றால், லென்ஸ் ஹூடை (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு வளையத்தை) கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள், பிரதிபலிப்பு மறையும். பகல் ஒளியும் விளக்கொளியும் கலக்கும் இடங்களில் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படமாக) எடுத்தால் நிறத்தைப் பிறகு சீர்செய்வது எளிது.

5. திரும்பியதும்

லென்ஸை முதலில் ஊதி மணலை அகற்றுங்கள். அதற்கு முன் துடைத்தால் மணல் லென்ஸைக் கீறும். பிறகு லேசாக நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அன்றே செய்யுங்கள், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும்.