கேத்திலில் படியும் வெள்ளைக் கல்லை எடுப்பது எப்படி

யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கொதிக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து கேத்தில் அடியில் வெள்ளைக் கல்லாகப் படியும். படை தடித்தால் தண்ணி சூடேறப் பிந்தும், கரண்டும் வீண்.

சவர்க்காரத்துக்கு இது அசையாது. புளிப்புத்தான் வேண்டும். கால் லீற்றர் வினாகிரியும் கால் லீற்றர் தண்ணியும் விடுங்கள். படை முழுதும் மூழ்க வேண்டும், ஆனால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்துப் பொங்கும். ஒருக்கால் கொதித்ததும் பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி கிளம்பினால் கல் கரையத் தொடங்கிவிட்டது. வினாகிரி இல்லையென்றால் நாலைந்து தேசிக்காய்ப் புளி விடலாம், கொஞ்சம் கூட நேரம் ஊற வேண்டும். கத்தியால் சுரண்டவே வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த படை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். மெல்லிய துணி போதும்.

மூக்கிலுள்ள வலையைக் கழற்ற முடிந்தால் அதையும் அதே வினாகிரியில் ஊறப்போடுங்கள். தேத்தண்ணியில் மிதக்கும் வெள்ளைத் தூள் அங்கும் சேர்ந்திருக்கும். கடைசியில் வெறுந்தண்ணியை இரண்டு தரம் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். புளிப்பு மிஞ்சினால் பால் திரைந்துவிடும்.

இராத்திரி மிச்சத் தண்ணியை உள்ளே விடாதீர்கள். கழுவும்போது கேத்திலின் அடிப்பக்கம் நனையக்கூடாது.