நியூயார்க் பங்க் ராக்கின் தொடக்கத்தைத் திரையில் பார்ப்பது எப்படி?

1970-களில் உருவான, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசையான பங்க் ராக் பற்றி ஆவணப்படம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், பேட்டிகள் நிறைந்த படத்தைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறான வரிசையைச் சொல்வேன். பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்பவர்களை முதலில் கேட்டுவிட்டால், பழைய காட்சிகள் அவர்கள் சொன்ன கதைக்குச் சாட்சியாக மட்டுமே தெரியும். அந்தந்த இரவில் எடுத்த காட்சிகளை முதலில் பாருங்கள். கதை காத்திருக்கட்டும்.

படி 1: இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மன்ஹாட்டன் வரைபடத்தைத் திறந்து பௌவரி தெரு, 315-ஆம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் சி.பி.ஜி.பி. கிளப்பைத் திறந்த இடம் அது. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசை வகைகளின் முதலெழுத்துகள்தாம் அந்தப் பெயரில் இருக்கின்றன. பங்க் அவருடைய திட்டத்திலேயே இல்லை. ஆனால் மேடையேறும் குழுக்கள் சொந்தப் பாடல்களை வாசிக்க வேண்டும் என்று அவர் வைத்த விதி எல்லாவற்றையும் மாற்றியது. 1974 மார்ச்சில் டெலிவிஷன் குழுவும், ஆகஸ்டில் ராமோன்ஸ் குழுவும் அங்கே வாசிக்கத் தொடங்கின. பார்க் அவென்யூ சவுத்தில் இருந்த மேக்ஸஸ் கன்சாஸ் சிட்டி என்ற இன்னொரு கிளப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

படி 2: ‘தி பிளாங்க் ஜெனரேஷன்’ (1976)

ஏமஸ் போவும் ஐவன் கிராலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கிரால், பாட்டி ஸ்மித்தின் குழுவில் கிதார் வாசித்தவர். மேடையை உள்ளிருந்தே அறிந்தவர். பாட்டி ஸ்மித், டெலிவிஷன், ராமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ், பிளாண்டி என எல்லோரும் இதில் வருகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும்.

புதியவர்கள் நின்றுவிடுவது இங்கேதான். பாடகரின் வாய் மூடியிருக்கும்போது குரல் கேட்கும். டிரம்மர் கோலால் அடிக்கும்போது ஓசை வராது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு பிரதியைத் தேடுவார்கள். அதிலும் அப்படியே இருக்கும். வி.எல்.சி. பிளேயரில் ஜே, கே பொத்தான்களை மாறி மாறி அழுத்தி ஒலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார்கள். பயன் இருக்காது.

படமே அப்படி எடுக்கப்பட்டதுதான். காட்சிகள் ஒலியில்லாமல் 16 மி.மீ. ஃபிலிமில் பதிவாயின, பாடல்கள் தனியே கிடைத்த ஒலிப்பதிவுகளிலிருந்து சேர்க்கப்பட்டன. ஃபிலிமில் ஒலியும் படமும் ஒத்துப்போக வேண்டுமானால் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரே வேகத்தில் பிசகாமல் ஓட வேண்டும். அந்த வசதிக்குப் பணம் வேண்டும்.

உங்கள் கருவியில்தான் கோளாறா என்று சோதிக்க எளிய வழி உண்டு. டிரம்மரின் கையை மட்டும் கவனியுங்கள். கோளாறு என்றால் அடிக்கும் ஓசைக்கும் உள்ள இடைவெளி தொடர்ந்து ஒரே அளவில் இருக்கும். ஜே, கே அதைச் சரிசெய்துவிடும். இந்தப் படத்தில் அப்படி ஒரே அளவான இடைவெளி கிடையாது. கண் பார்க்கும் இரவு வேறு, காது கேட்கும் இசை வேறு.

ஆகவே ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். குறுகலான மேடை, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் பார்வையாளர்கள், ஆளுக்கொரு விதமான உடை: அடுத்த ஆண்டே சீருடைபோல ஆகிவிட்ட ‘பங்க் தோற்றம்’ இங்கே இன்னும் உருவாகவே இல்லை. பிறகு ராமோன்ஸின் முதல் இசைத்தட்டைத் தனியாகக் கேளுங்கள். 1976 ஏப்ரலில் வந்த அந்தத் தட்டில் 14 பாடல்கள். மொத்தம் 29 நிமிடம். அந்த வேகம் காதில் பதிந்த பிறகு ஒலியோடு மறுபடி பாருங்கள். ஒட்டாத ஒலி உறுத்தாது என்பதோடு, படத்தின் துடிப்பும் பிடிபடும்.

கைபேசியில் மட்டும் பார்க்காதீர்கள். இருட்டும் புள்ளிகளும் நிறைந்த காட்சிகளைச் சின்னத் திரை விழுங்கிவிடும். மடிக்கணினியும் நல்ல ஹெட்போனும் போதும். பிளேயர் என்றால் எனக்கு வி.எல்.சி.தான், வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படி 3: வீடியோப் பதிவுகள்

பாட் ஐவர்ஸ், எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற இரு பெண்கள் மன்ஹாட்டன் கேபிள் என்ற கேபிள் டிவி நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு சி.பி.ஜி.பி. மேடைகளைப் பதிவுசெய்தார்கள். 1975-இல் ஐவர்ஸ் தொடங்கிய வேலை இது. வீடியோ என்பதால் படமும் ஒலியும் ஒரே நாடாவில் சேர்ந்தே பதிவாயின. இரண்டாம் படியில் கிடைக்காத ஒன்று, அந்த இரவின் உண்மையான ஓசை, இங்கே இருக்கிறது. நாடாக்கள் இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இவர்கள் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

படி 4: இப்போது பேட்டிகள்

ராமோன்ஸ் பற்றிய ‘எண்ட் ஆஃப் த செஞ்சுரி’ (2003) போதும். அந்தக் குழுவின் பாடகர் ஜோயி 2001-லும், பாஸ் கிதார் வாசித்த டீ டீ 2002-லும் இறந்துவிட்டார்கள் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். ஒரே குழுவில் இருந்துகொண்டே ஜோயியும் கிதார் வாசித்த ஜானியும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்த பகுதி நெஞ்சை அழுத்தும். முந்தைய படிகளில் அவர்களை இளைஞர்களாகப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் கனக்கும்.

பின்சேர்க்கை: ‘தி பிளாங்க் ஜெனரேஷன்’ பற்றி, “படத்தில் பங்க் பாடகர் ரிச்சர்ட் ஹெல் நடிக்கிறாரே, இது ஆவணப்படம்தானா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். நீங்கள் பார்த்தது உல்லி லொம்மெல் இயக்கிய 1980-ஆம் ஆண்டின் கதைப்படம். அதற்கும் கிட்டத்தட்ட இதே பெயர். ஹெல்லின் 1977 இசைத்தட்டுக்கும் அதே பெயர்தான். தேடும்போது 1976 என்ற ஆண்டையும் ஏமஸ் போவின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.